உள்பெட்டியைத் தூர்வாருதல்: மின்னஞ்சல்களைத் தொகுதியாக நீக்கும் முறை

மின்னஞ்சல்களைப் பெருமளவில் நீக்குதல் என்பது ஒவ்வோர் அஞ்சலாகத் திறந்து பார்த்து, இது வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் வேலையன்று. பொதுவான ஓர் அடையாளம் கொண்ட அஞ்சல்களைத் தேடலின் வழியே ஒருங்கே திரட்டி, அந்தத் திரளின் மீது ஒரே முடிவை எடுக்கும் வேலையாகும். இருபதாயிரம் அஞ்சல்கள் உள்ள ஒரு கணக்கில், அஞ்சல் ஒன்றுக்கு மூன்று விநாடி செலவிட்டாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே கணக்கைத் தேடத் தெரிந்தவர் ஒரு பிற்பகலில் ஒழுங்குசெய்துவிடலாம். இந்த அத்தியாயம் திட்டக்குடி போன்ற ஒரு வட்டத் தலைநகரில் இ-சேவை மையமோ ஜெராக்ஸ் கடையோ நடத்துபவரையும், அருகிலுள்ள விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளரையும் மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. பெரும்பாலோர் பயன்படுத்துவது ஜிமெயில் என்பதால் விளக்கங்கள் அதையே பின்பற்றுகின்றன.

கணக்குகள் ஏன் நிரம்புகின்றன

அஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பழக்கம் பயனரின் சோம்பலால் மட்டும் வந்ததன்று. மென்பொருளே அதைக் கற்றுக்கொடுத்தது. 2004 வாக்கில் ஹாட்மெயில் இலவசமாக அளித்த இடம் 2 மெகாபைட் மட்டுமே என்பதால், அதைப் பயன்படுத்தியவர் படித்த அஞ்சலை அன்றே அழித்தாக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 கிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிமுகப்படுத்தியபோது, அஞ்சலை அழிக்கத் தேவையில்லை, தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் அறிவிப்பாக இருந்தது. நீக்குவதற்கென்று தனிப் பொத்தான்கூட அதில் தொடக்கத்தில் இல்லை. பட்டியல் ஒன்றைத் திறந்து, அதனுள் இருந்த கட்டளையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தனிப் பொத்தான் 2006 இல்தான் வந்தது.

அந்த அறிவிப்பு ஓர் எல்லை வரையில்தான் செல்லுபடியானது. 2013 மே மாதத்தில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக 15 கிகாபைட் என்று வகுக்கப்பட்ட இலவச இடம் இன்றுவரை ஏறவில்லை. ஆனால் அதன் மீது விழும் பாரம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் போட்டோஸில் புதிதாகச் சேரும் படங்கள் ஏறத்தாழ அனைத்தும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் வாட்ஸ்அப் காப்புப்பிரதிகளும் 2024 இல் அதே வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே "இடம் நிரம்பிவிட்டது" என்ற எச்சரிக்கை ஜிமெயிலின் மேற்புறத்தில் தோன்றினாலும், உண்மையில் இடத்தைப் பிடித்திருப்பது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த திருமணக் காணொளிகளாக இருக்கலாம். நீக்கும் வேலையைத் தொடங்குமுன் கூகுள் ஒன் சேமிப்பகப் பக்கத்தைத் திறந்து, எது எவ்வளவு இடம் கொண்டிருக்கிறது என்று பார்ப்பது முதல் படி. அஞ்சலின் பங்கு 2 கிகாபைட்டாக இருக்கும்போது அஞ்சலையே நாள் முழுக்க அழித்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

வரம்பு நிரம்பிய கணக்கு அஞ்சலைப் பெறுவதை நிறுத்திவிடுகிறது. அனுப்பியவருக்கு அது திரும்பிச் சென்றுவிடும், பெற வேண்டியவருக்கோ ஒன்று வந்து திரும்பியது என்பதே தெரியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவில் ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கை ஆண்டுக்கணக்கில் திறந்தே பார்க்காத தேர்வர்களுக்கு இது சிறிய ஆபத்தன்று. இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளையே நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் பின்பற்றிவருகிறது என்பதையும் அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நீக்குவதற்கு முன் ஒதுக்கி வைக்க வேண்டியவை

தொகுதியாக நீக்குவதில் ஏற்படும் இழப்புகளில் பெரும்பாலானவை, வேண்டாததை முதலில் தேடி, வேண்டியதைக் கடைசியில் நினைத்துப் பார்ப்பதால் நேர்கின்றன. வரிசையை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு: காக்க வேண்டிய அஞ்சல்களுக்கு முதலில் ஒரு லேபிள், அதாவது கோப்பின் மேல் எழுதும் தலைப்பைப் போன்ற பெயர்ச்சீட்டு, ஒட்டிவிட வேண்டும், பின்னர் செய்யும் தேடல்கள் ஒவ்வொன்றிலும் அந்த லேபிள் உள்ளவற்றை விலக்கச் சொல்லலாம்.

விருத்தாசலத்தில் ஃபியூஸ் கேரியர், மின்காப்புப் பீங்கான், கோப்பை, பொம்மை ஆகியவற்றைச் செய்யும் ஒரு சிறு பட்டறையின் கணக்கை எடுத்துக்கொண்டால், எதைக் காக்க வேண்டும் என்பதைச் சட்டமே ஓரளவு சொல்லிவிடுகிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி கணக்கேடுகளும் பதிவேடுகளும், அந்த ஆண்டுக்கான ஆண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை காக்கப்பட வேண்டும். 2023-24 நிதியாண்டின் அறிக்கைக்குக் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. எனவே அந்த ஆண்டின் இன்வாய்ஸ், டெலிவரி சலான், இ-வே பில் ஆகியவை இணைக்கப்பட்ட அஞ்சல்கள் 2030 டிசம்பர் 31 வரை இருந்தாக வேண்டும். மேல்முறையீடு ஏதேனும் நடந்துகொண்டிருந்தால் இந்தக் காலம் இன்னும் நீளக்கூடும்.

வரியைவிடக் கூர்மையான காரணம் ஒன்று உண்டு. சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், 2006, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது; சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துமூலமாகக் குறை சொல்லாவிட்டால், அது சேர்ந்த நாளிலேயே ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. தாமதமான தொகைக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதக் கூட்டுவட்டியாகக் கோரவும் உற்பத்தியாளருக்கு உரிமை உண்டு. இந்த உரிமையை நிலைநாட்ட வேண்டிய நாள் வரும்போது, "மெட்டீரியல் வந்துவிட்டது, நன்றி" என்று வாங்கியவர் எப்போதோ அனுப்பிய ஒற்றை வரி அஞ்சலே சூளையில் வெந்த சரக்கு முழுவதற்கும் சாட்சியாக நிற்கிறது. அளவில் சில கிலோபைட்டே உள்ள அந்த அஞ்சலை இடத்துக்காக அழிப்பதில் பயன் ஏதுமில்லை. அழித்துவிட்டால் வரும் இழப்பை ஈடுசெய்யவும் முடியாது. அச்சிட்டு வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பதும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றாக அளிக்கும்போது உரிய சான்றிதழ் வேண்டும் என்கிறது. மூலம் கணக்கிலேயே இருக்கும்போது அந்தச் சான்றிதழை நேர்மையாக அளிப்பது எளிது. மிக முக்கியமான அஞ்சல்களுக்கு ஜிமெயிலின் மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள பதிவிறக்கக் கட்டளையைப் பயன்படுத்தினால், அனுப்பிய நாள், வந்த வழி ஆகிய விவரங்கள் சிதையாமல் இ.எம்.எல் என்ற வடிவில் ஒரு பிரதி கணினியில் கூடுதலாகத் தங்கும்.

இடத்துக்காகவா, ஒழுங்குக்காகவா

நீக்குவதன் நோக்கம் இரண்டு. இடம் பெறுவது ஒன்று; தேடியது கிடைக்கும்படி உள்பெட்டியைத் தெளிவாக்குவது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் இரண்டிலும் தோற்கிறார். ஒரு விளம்பர அஞ்சல் 75 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 15 கிகாபைட்டை நிரப்ப அத்தகைய அஞ்சல்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் வேண்டும். அதே இடத்தை 10 மெகாபைட் இணைப்புள்ள 1,500 அஞ்சல்கள் நிரப்பிவிடும். இணைப்புகள் அஞ்சலில் செல்லும்போது எழுத்துகளாக மாற்றிக் குறிக்கப்படுவதால் அசல் கோப்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருத்தும் விடுகின்றன. எனவே இடம் வேண்டுவோர் அளவைக் கொண்டும், ஒழுங்கு வேண்டுவோர் அனுப்புநரைக் கொண்டும் தேட வேண்டும்.

இதற்கான தேடல் ஆணைகளை ஆங்கில எழுத்தில், இடையில் முக்காற்புள்ளி இட்டு, தேடல் பெட்டியில் தட்டச்சு செய்ய வேண்டும். கீழே அவற்றின் ஒலிப்பு மட்டும் தமிழில் தரப்படுகிறது. "லார்ஜர்" என்ற சொல்லை அடுத்து 10 என்ற எண்ணையும் எம் என்ற எழுத்தையும் இட்டால் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்ட அஞ்சல்கள் மட்டும் திரளும். "பிஃபோர்" என்பதை அடுத்து ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை இட்டால் அதற்கு முற்பட்டவை வரும். "ஃப்ரம்" என்பதை அடுத்து அனுப்புநரின் முகவரியை இட்டால் அவரிடமிருந்து வந்தவை வரும். இரண்டு மூன்று ஆணைகளை இடைவெளி விட்டு அடுத்தடுத்து எழுதினால் எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்துபவை மட்டும் மிஞ்சும். ஓர் ஆணைக்கு முன் கழித்தல் குறி இட்டால் அதற்குப் பொருந்துபவை விலகும். முன்னர் ஒட்டிய லேபிள் இங்குதான் பயன்படுகிறது: "லேபிள்" என்ற ஆணைக்கு முன் கழித்தல் குறியிட்டு அந்தப் பெயரை எழுதிவிட்டால், காக்க வேண்டியவை திரளுக்குள் வரமாட்டா. ஆணைகளை மனப்பாடம் செய்ய விரும்பாதவர், தேடல் பெட்டியின் வலக்கோடியில் உள்ள குறியைச் சொடுக்கினால் இதே நிபந்தனைகளைக் கட்டங்களில் நிரப்பும் படிவம் கிடைக்கும்.

திரட்டியதை நீக்கும் வேலையைக் கைபேசிச் செயலியில் தொடங்கக் கூடாது. ஆயிரக்கணக்கானவற்றை ஒரே அடியாகத் தேர்ந்தெடுக்கும் வசதி கணினி உலாவியில்தான் முழுமையாக இருக்கிறது. பட்டியலின் மேல் இடப்பக்கம் உள்ள சிறு கட்டத்தைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்தில் தெரியும் 50 உரையாடல்கள் மட்டுமே குறிக்கப்படும். பலர் இத்துடன் நின்றுவிட்டு, ஐம்பது ஐம்பதாக நாள் முழுவதும் அழித்துக்கொண்டிருக்கிறார்கள். குறித்தவுடன் பட்டியலுக்கு மேலே ஒரு வரி தோன்றி, இந்தத் தேடலுக்குப் பொருந்தும் எல்லா உரையாடல்களையும் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்கும். வேலையைப் பன்மடங்கு சுருக்குவது அந்த ஒற்றை வரிதான். அதைச் சொடுக்கிவிட்டு நீக்கினால், எத்தனை உரையாடல்கள் பாதிக்கப்படும் என்று சொல்லி, உறுதி கேட்டுக்கொண்டு ஜிமெயில் அனைத்தையும் எடுத்துச் செல்லும். எண்ணிக்கை பல்லாயிரமாக இருந்தால் இடையில் பிழைச் செய்தி வருவதுண்டு. அப்போது ஆண்டு ஆண்டாகப் பிரித்துச் செய்வது நல்லது.

உரையாடல் என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓர் அஞ்சலும் அதற்கான மறுமொழிகளும் ஒரே கட்டாகத் தொகுக்கப்படுவதே உரையாடல். தேடலுக்கு அந்தக் கட்டில் ஓர் அஞ்சல் பொருந்தினாலும், நீக்கும்போது கட்டு முழுவதும் போய்விடும். பட்டறைக்காரர் ஒரு கோயம்புத்தூர் வாடிக்கையாளருக்கு ஃபியூஸ் கேரியரின் வரைபடங்களை 12 மெகாபைட் இணைப்பாக அனுப்பியிருக்க, அதற்கு மறுமொழியாகவே கொட்டேஷனும், பர்ச்சேஸ் ஆர்டரும், சரக்கு சேர்ந்ததற்கான ஒப்புதலும் ஒரே கட்டில் வந்திருந்தால், "10 மெகாபைட்டுக்கு மேல்" என்ற தேடல் வரைபடத்தோடு ஒப்புதலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். அளவைக் கொண்டு நீக்குமுன் ஜிமெயில் அமைப்புகளில் உரையாடல் காட்சியை அணைத்துவிட்டால் ஒவ்வோர் அஞ்சலும் தனித்தனியாக நிற்கும். வேலை முடிந்தபின் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

ஒழுங்குக்காக நீக்குவோர் முதலில் ப்ரோமோஷன்ஸ் என்ற தாவலைத் திறந்து, மேற்சொன்ன முறையிலேயே முழுவதையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வரும் வாய்க்காலை அடைக்காமல் தேங்கியதை மட்டும் இறைப்பது பயன் தராது. தெரிந்த நிறுவனம் அனுப்பும் விளம்பரத்துக்கு அனுப்புநர் பெயரின் அருகிலேயே உள்ள சந்தா விலக்கல் இணைப்பைப் பயன்படுத்த வேண்டும். பெருமளவில் அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024 இல் விதித்த பின் இது பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்கிறது. யாரென்றே தெரியாதவரின் அஞ்சலுக்குள் இருக்கும் விலக்கல் இணைப்பைச் சொடுக்கக் கூடாது. அது முகவரி உயிரோடு இருக்கிறது என்று அனுப்பியவருக்குச் சொல்வதாகவே முடியும். அதை ஸ்பாம் என்று குறித்துவிடுவதே முறை.

அச்சுக்கு வந்த அஞ்சல்கள்

இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிலைமை வேறு. வாட்ஸ்அப் பரவிய பின்னும், பிரிண்ட் அவுட் எடுக்க வருபவரிடம் கடையின் மின்னஞ்சல் முகவரியைக் காட்டி, அதற்கு அனுப்பச் சொல்லும் வழக்கம் தொடர்கிறது. அனுப்பப்படுபவை பெரும்பாலும் ஆதார் அட்டை, குடும்ப அட்டை, மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா நகல் ஆகியவை. நாளொன்றுக்கு 30 பேர், ஆளுக்கு 10 மெகாபைட் என்று கொண்டால் 15 கிகாபைட் 50 நாளில் நிரம்பிவிடும். கடைக்காரர் அப்போது எச்சரிக்கையைப் பார்த்து, பழையதில் கொஞ்சத்தை அழித்து, இடம் உண்டாக்கிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கிறார். மீதி அங்கேயே கிடக்கிறது.

அங்கே கிடப்பது ஒரு வட்டாரத்தின் அடையாளங்கள். சில நூறு குடும்பங்களின் ஆதார் எண்ணும், கையெழுத்தும், பிறந்த நாளும், வங்கிக் கணக்கு எண்ணும் ஒரே கடவுச்சொல்லின் பின்னால் இருக்கின்றன. அந்தக் கடவுச்சொல்லோ கடையில் வேலை செய்து போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்ததாக இருப்பது அரிதன்று. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்தபின் அதை அழித்துவிட வேண்டும் என்ற கடமையை, தரவைக் கையாள்வோர் மீது வைக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. சட்டம் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டிய விஷயமும் அன்று இது. ஒரு மூதாட்டி ஓய்வூதிய விண்ணப்பத்துக்காக நம்பிக் கொடுத்த தாள், அச்சாகி அவர் கைக்குப் போன பின் கடையில் இருக்க எந்த நியாயமும் இல்லை.

இதற்கு எளிய ஏற்பாடு, அச்சு வேலைக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வது. அதில் வங்கி அஞ்சலோ, கடையின் சொந்தக் கணக்கு வழக்கோ வரக் கூடாது. அப்படிப் பிரித்துவிட்டால் நீக்குவதற்குத் தேடலே தேவைப்படாது. இரவு கடை அடைக்குமுன் உள்பெட்டி முழுவதையும் தேர்ந்தெடுத்து நீக்கி, குப்பைப் பெட்டியையும் காலிசெய்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையையும் அதே நேரத்தில் துடைக்க வேண்டும். அஞ்சலை அழித்துவிட்டு, பதிவிறக்கிய ஆதார் நகலைக் கணினியில் விட்டுவைப்பதில் பொருளில்லை.

குப்பைப் பெட்டியும் அதற்குப் பின்னும்

நீக்கப்பட்ட அஞ்சல் உடனே அழிவதில்லை. ட்ராஷ் எனப்படும் குப்பைப் பெட்டியில் 30 நாள் தங்கி, அதன் பின்னரே நிரந்தரமாக நீங்குகிறது. அதுவரை அது பிடித்த இடமும் வரம்பில் கணக்கிடப்பட்டுக்கொண்டே இருக்கும். திட்டக்குடிக்கு அருகிலுள்ள கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரியில் வண்டலை அள்ளிக் கரையோரத்திலேயே கொட்டி வைத்தால் அடுத்த மழை அதை ஏரிக்கே திருப்பிக் கொண்டுவரும் என்பதை அந்த ஆயக்கட்டின் உழவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஏரியில் கொள்ளளவு கூடும். இடம் அவசரமாக வேண்டுமென்றால் குப்பைப் பெட்டியைத் திறந்து உடனே காலிசெய்யும் கட்டளையைத் தர வேண்டும். அவசரமில்லாத பட்டறைக்காரர் அந்த 30 நாளையும் விட்டுவைப்பது அறிவுடைமை. அந்த மாதத்தில் ஆடிட்டரோ வாடிக்கையாளரோ ஏதாவது கேட்டால் மீட்டுக்கொள்ள முடியும்; 30 நாள் கழிந்தபின் பயனரால் மீட்க இயலாது.

தண்டர்பேர்ட், அவுட்லுக் போன்ற மென்பொருள்களில் ஐமேப் முறையில் ஜிமெயிலை இணைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐமேப் என்பது அஞ்சல் வழங்கியிலேயே இருக்க, கணினி அதன் பிம்பத்தைக் காட்டும் முறை. அங்கே நீக்கினால், ஜிமெயிலின் இயல்பான அமைப்பில் அந்த அஞ்சல் அழியாமல் உள்பெட்டியிலிருந்து விலகி, "எல்லா அஞ்சலும்" என்ற தொகுப்பில் தங்கிவிடக்கூடும். பல மாதம் அழித்தும் இடம் குறையவில்லை என்ற முறையீட்டுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. அப்படித் தங்கியவற்றை உலாவியில் ஜிமெயிலைத் திறந்து நீக்க வேண்டும்.

உள்பெட்டியைத் தானாகவே சுத்தம் செய்வதாகச் சொல்லும் வெளிச் செயலிகள் பல உள்ளன. அவை கேட்கும் அனுமதி பெரும்பாலும் எல்லா அஞ்சலையும் படிக்கும் அனுமதியாகும். சந்தாக்களை விலக்கித் தரும் இலவச சேவையாகப் பெயர்பெற்ற அன்ரோல்.மீ, பயனர்களின் ரசீது அஞ்சல்களிலிருந்து திரட்டிய விவரங்களைத் தன் தாய் நிறுவனம் வழியே விற்றது 2017 இல் வெளியானது. ஊபர் அவ்விவரங்களைக் கொண்டு போட்டி நிறுவனமான லிஃப்டின் வணிக நிலையைக் கணித்திருந்தது. மேற்சொன்ன தேடல்கள் அனைத்தையும் எந்தச் செயலியும் இல்லாமலேயே செய்ய முடியும் என்பதால், அந்த அனுமதியைத் தருவதற்குத் தேவையே இல்லை. முன்னரே தந்திருப்போர் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று அதைத் திரும்பப் பெறலாம்.

காக்க வேண்டியவற்றைக் கணக்குக்கு வெளியேயும் ஒரு பிரதி எடுத்து வைக்க விரும்புவோருக்குக் கூகுள் டேக்அவுட் என்ற வசதி இருக்கிறது. அதில் அஞ்சல் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, எல்லா லேபிள்களையும் விலக்கி, தொடக்கத்தில் ஒட்டிய அந்த ஒரு லேபிளை மட்டும் குறித்தால், அதிலுள்ளவை எம்பாக்ஸ் என்ற ஒரே கோப்பாகத் திரண்டு பதிவிறக்கத்துக்குக் கிடைக்கும். நிதியாண்டு முடிந்து, ஆண்டு அறிக்கை தாக்கலான கையோடு இதைச் செய்து, கோப்பின் பெயரில் நிதியாண்டையும் அதை அழிக்கக்கூடிய தேதியையும் சேர்த்தே எழுதி வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்துவிட்டால், 2023-24 இன் கோப்பில் "2030 டிசம்பர் 31 வரை" என்ற குறிப்பைப் பார்ப்பவர், அன்று பட்டறையை நடத்துபவர் யாராக இருந்தாலும், எதை எப்போது அழிக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டியிராது.